சின்னக் கணப்புக்குள் எந்த இன்சர்ட் நுழையும்?

சுவரோடு சேர்த்துக் கட்டிய திறந்த கணப்பு பார்க்க அழகு, சூடாக்குவதில் மோசம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தாலே பெரிது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். போகிற போக்கில் அறையில் இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குழிக்குள் செருகுகிற, கண்ணாடிக் கதவு வைத்த எஃகு அல்லது வார்ப்பிரும்புப் பெட்டிதான் இன்சர்ட். உள்ளே போகும் காற்றை இது அளந்து விடுவதால், அதே விறகின் வெப்பத்தில் 65 முதல் 80 சதவீதம் வரை அறைக்குக் கிடைக்கும்.

குழி சின்னதாக இருக்கும்போது பலர் செய்யும் தவறு, முன்வாயின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் அளப்பது. கணப்பு நேரான பெட்டி அல்ல. வெப்பத்தை அறைப் பக்கம் திருப்பிவிடுவதற்காக அதன் பக்கச் சுவர்கள் உள்ளே போகப் போகக் குறுகும். பின்சுவர் கொஞ்ச உயரத்துக்கு மேல் முன்னால் சாயும். முன் அகலம், பின் அகலம், ஆழம், முன் உயரம், பின்சுவர் சாயத் தொடங்கும் உயரம் என்று ஐந்து அளவுகள் வேண்டும்.

ஒரு கணக்கு: முன் அகலம் 76 செ.மீ., பின் அகலம் 50, ஆழம் 45. முன்னும் பின்னும் ஒரே அகலமுள்ள 60 செ.மீ. பெட்டியைத் தள்ளினால் 28 செ.மீ. போனதுமே இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். அதே 60 செ.மீ. முகப்புடன் பின்புறம் 45 ஆகக் குறுகும் பெட்டி, ஆழமும் உயரமும் ஒத்துவந்தால், தாராளமாக நுழையும். இன்சர்ட்டின் விவரத்தாளில் உள்ள அதே அளவுக்கு அட்டைப்பெட்டி ஒன்று செய்து உள்ளே தள்ளிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. சாய்ந்த பின்சுவரில் பெட்டியின் மேல்மூலை இடிப்பதை டேப் காட்டாது, அட்டை காட்டிவிடும்.

ஆழம் போதாவிட்டால், முன்பக்கம் 10, 15 செ.மீ. வெளியே துருத்தி நிற்கும் வகையைத் தேடலாம். துருத்தும் உடலே நேரடியாக வெப்பத்தை வீசுவதால், சின்னக் கணப்புக்கு இதுதான் மேல். சுவரோடு சமமாக அமரும் வகை பெரும்பாலும் மின்விசிறியை நம்பியிருக்கும். மின்சாரம் போனால் சூட்டில் பெரும்பங்கு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஆனால் துருத்தும் வகைக்கு முன்னால் தீப்பிடிக்காத தளம் கூடுதலாக வேண்டும். மேலே மரப்பலகை இருந்தால் அதற்கான இடைவெளியும் வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவே இறுதி. குழியைப் பெரிதாக்கச் செங்கல்லைக் கொத்தும் முன் கட்டடம் தெரிந்தவரைக் கேளுங்கள்: அந்தச் செங்கல் வெறும் பூச்சாகவும் இருக்கலாம், பின்னால் உள்ள மரச்சட்டத்துக்கு ஒரே காப்பாகவும் இருக்கலாம். செங்கல் கட்டுமானமே இல்லாத, தொழிற்சாலையில் செய்த தகரக் கணப்பு என்றால், அதற்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற இன்சர்ட்டைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது.

பெட்டி நுழைந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி, புகைபோக்கிக்குள். 20-க்கு 30 செ.மீ. பழைய புகைவழியின் பரப்பு 600 சதுர செ.மீ.; இன்சர்ட் கேட்கும் 15 செ.மீ. குழாயின் பரப்பு 177. பெட்டியை வெறுமனே செருகிவிட்டால், குறைவாக வரும் புகை மூன்று மடங்குக்கும் மேலான இடத்தில் பரவி, மெதுவாக ஏறி, ஆறிப்போகும். ஆறினால் இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் அழுத்த வித்தியாசம், விழும். 6 மீட்டர் புகைபோக்கி, வெளியே 5 டிகிரி குளிர் என்று வையுங்கள். உள்ளே சராசரி 150 டிகிரி இருந்தால் சுமார் 25 பாஸ்கல் இழுவை உண்டாகும். 60 டிகிரிக்கு இறங்கினால் அதில் பாதிதான். உரசலில் போவது தனி. சுமார் 12 பாஸ்கல் தேவைப்படும் அடுப்பு அப்போது திணறும், கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும். சுமார் 120 டிகிரிக்குக் கீழே புகையிலுள்ள தார் சுவரில் கிரியோசோட்டாக, எளிதில் தீப்பற்றும் படிவாக, ஒட்டிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பது அதனால்தான்.

இதற்கு மருந்து, பெட்டியின் கழுத்திலிருந்து (புகை வெளியேறும் வாய்) புகைபோக்கியின் உச்சி வரை ஒரே நீளமாக இருக்கும் துருப்பிடிக்காத எஃகு உள்குழாய், அதாவது லைனர். அது வெளிச்சுவர்ப் புகைபோக்கி என்றால் காப்புப் போர்வையும் சுற்ற வேண்டும். பழைய டாம்பர் (புகைவழியை மூடித் திறக்கும் தகடு) இருக்கும் தொண்டை குறுகலாக இருந்தால் அந்தச் சட்டத்தை வெட்டுவார்கள், அல்லது லைனரை அங்கே நீள்வட்டமாக நசுக்கி இறக்குவார்கள். கழுத்து தொண்டைக்கு நேர்கீழே வராவிட்டால் சாய்வு இணைப்பு ஒன்று தேவை. சின்னக் குழியில் அதற்கு உயரம் மிஞ்சுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். லைனரைச் சுற்றி மிஞ்சும் இடைவெளியை, டாம்பர் மட்டத்தில் எஃகுத் தகடும் கனிமக் கம்பளியும் வைத்து அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, அறை சூடாகவில்லை என்று அடுப்பைத் திட்டுவோர் உண்டு.

1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வடிவமைத்த இரும்பு அடுப்பும் கணப்புக்குள் வைக்கிற சமாச்சாரம்தான். வெப்பத்தைப் பிடிக்க அவர் புகையை முதலில் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றினார். புகை கீழே போக மறுத்தது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையை நேராக்கினார்கள்.

சின்னப் பெட்டியிடம் எதிர்பார்ப்பையும் சின்னதாக வைக்க வேண்டும். 28 லிட்டர் எரியறையில் நாலரைக் கிலோ விறகு கொள்ளும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 4 கிலோவாட்-மணி. அடுப்பின் திறன் 75 சதவீதம் என்றால் கையில் வருவது 13.5 கிலோவாட்-மணி. நான்கு கிலோவாட்டில் எரித்தால் மூன்றரை மணி நேரத்துக்குமேல் ஓடாது, இரவெல்லாம் எரியாது. ஓட வைக்கிறேன் என்று காற்றை முழுக்க அடைத்தால், மேலே துளைகளில் வரும் இரண்டாம் காற்றில் புகை தீப்பிடிக்கத் தேவையான 600 டிகிரிச் சூடு உள்ளே இருக்காது. கண்ணாடி கறுக்கும், லைனரில் தார் ஏறும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். எரியறை 30 செ.மீ. அகலம் என்றால் 25 செ.மீ. கட்டைகளாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக வெட்டி விற்கும் 40 செ.மீ. கட்டை வந்து இறங்கிவிட்டால், ஒவ்வொன்றையும் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும்.