பாலத்தின் கண்ணை அடைக்காதீர்கள்

கடலூர்ப் பக்கம் மழைத்தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே, கடலைப் பார்த்து ஓடுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதை அதற்குக் குறுக்கே வடக்கு தெற்காகப் போகிறது. மண் கொட்டி உயர்த்திய அந்தக் கரை, பெருமழையில் ஒரு நீளமான அணையாகவே மாறிவிடும். அதற்கு மதகாக இருப்பவை நடுநடுவே உள்ள சிறுபாலங்கள். ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்த வருஷங்களில் பெரிய ஆற்றுப் பாலங்களைவிட இந்தச் சிறுபாலங்களின் கண்களை, அதாவது அடியில் தண்ணீர் போகும் திறப்புகளை, நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிருக்கிறது.

ஒரு செப்டம்பரில் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சிறுபாலத்தில் கம்பு விட்டு ஆழம் பார்த்தோம். கண்ணில் பாதிக்கு மேல் வண்டல். தோண்டத் தோண்டத் தேங்காய் மட்டை, தெர்மாகோல், உடைந்த செங்கல், ஊறிக் கனத்துப்போன பழைய மெத்தை ஒன்று. அதை இழுத்து வெளியே போடவே நாலு பேர் தேவைப்பட்டார்கள். கண் சுத்தமானது. ஆனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் நகரவில்லை. கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தால், ரயில்வே எல்லை தாண்டியதும் வாய்க்காலில் மண்ணடித்து யாரோ மனை போட்டிருந்தார்கள். பாலத்தை நாங்கள் எவ்வளவு தூர்வாரினாலும், அப்பால் வழியில்லை என்றால் தண்ணீர் எங்கே போகும்?

தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை அளவுள்ள உடைகல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத்தான் மழைநீர் வடியவேண்டும். அந்தச் சந்தில் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். அப்புறம் ஒவ்வொரு வண்டி போகும்போதும் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டை அமுங்கி எழும். ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு பீச்சி அடிக்கும். நாலு நாள் விட்டால் தண்டவாளம் மட்டம் தவறும். கரையின் மண்ணே ஊறிச் சரிந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து.

2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்களை நிறுத்தினார்கள். அந்த அளவு மழைக்கு வடிகாலை மட்டும் அகலப்படுத்திச் சமாளிக்க முடியாது. தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கவும் இடம் வேண்டும்.

ஸ்டேஷன்களில் இதைச் செய்ய முடியும். நடைமேடைக் கூரை, வாகன நிறுத்துமிடம், எல்லாவற்றிலும் விழும் தண்ணீர் இப்போது ஒரே சாக்கடையில் பாய்கிறது. நிறையப் பேர் உடனே, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி என்பார்கள். மணற்பாங்கான மேட்டுப் பகுதியில் சரி. உப்பனாற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் நவம்பரில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும்; குழி முதல் மழையிலேயே நிரம்பிவிடும். அங்கே புல் வளர்த்த ஆழமில்லாத பள்ளங்களும் சிறு குளமும்தான் உதவும். வளாகத்தைச் சுற்றி முழுக்க கான்கிரீட் போடுவதைக் குறைத்தாலே சுமை குறையும்.

கரைச் சரிவுக்கு வெட்டிவேரைச் சொல்வேன். நம் கடலோரக் கிராமங்களில் காலங்காலமாகப் பயிராகும் செடி. ஆழமாக இறங்கி மண்ணைக் கவ்விப் பிடிக்கும் வேர்.

பாதையோரம் குடியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக் குப்பையையும் இடிபாட்டையும் ரயில்வே வடிகாலில் கொட்டாதீர்கள். சிறுபாலத்தின் ஒரு பக்கம் தண்ணீர் ஏறி நிற்க, மறுபக்கம் வறண்டு கிடந்தால் கண் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கரையில் மண் அரித்தாலோ, ஜல்லி வழிந்து கிடந்தாலோ உடனே பக்கத்து கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ சொல்லுங்கள், 139க்கும் கூப்பிடலாம். ராத்திரி ரோந்து போகும் டிராக்மேன் கையில் ஒரு விளக்கோடு பல கிலோமீட்டர் நடக்கிறார். அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம்.