உதட்டணை (லிப் பம்பர்)

பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு, "கீழே ஒரு லிப் பம்பர் போடலாம்" என்கிறார். பெற்றோரும் சரி என்று தலையாட்டுகிறார்கள். பம்பர் என்றதும் வண்டியின் முன்னால் இருக்கும் தடுப்புதான் நினைவுக்கு வரும். பிள்ளை கீழே விழுந்தால் பல் உடையாமல் காப்பதற்கு என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. இதன் வேலை அதுவல்ல.

ஆங்கிலத்தில் 'பம்ப்' என்றால் இடிப்பது, மோதுவது. இடியைத் தான் வாங்கிக்கொள்வது பம்பர். வாய்க்குள் எதை வாங்கிக்கொள்கிறது? உதட்டின் அழுத்தத்தை.

பல்லை வெளியிலிருந்து உதடும் கன்னமும், உள்ளிருந்து நாக்கும் ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மெல்லும்போது விழும் விசை பெரிதுதான், ஆனால் நொடியில் போய்விடும். வாய் சும்மா இருக்கும்போது மணிக்கணக்காகச் சாய்ந்திருக்கும் உதட்டின் லேசான அழுத்தம்தான் பல்லை நகர்த்தும். கீழுதட்டை மடித்துச் சப்பும் பிள்ளையைக் கிட்டே போய்ப் பாருங்கள். உதட்டுக்குக் கீழே தோல் காய்ந்து சிவந்திருக்கும். கீழ் முன்பற்கள் உள்பக்கம் சாய்ந்து நெருக்கியடித்து நிற்கும்.

இதற்குத்தான் அந்தக் கருவி. கீழ்க் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, அதிலுள்ள சிறு குழாய்களில் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள கம்பியைச் செருகுவார்கள். கம்பி முன்பற்களைத் தொடாமல் 2, 3 மி.மீ. தள்ளி வளைந்து போகும். முன்னால் அக்ரிலிக் திண்டு இருக்கும். உதடு இப்போது பல்லின் மேல் சாய முடியாது, திண்டின் மேல்தான் சாயும். அந்த அழுத்தம் கம்பி வழியாகக் கடைவாய்ப் பல்லுக்குப் போய் அதைப் பின்னால் சாய்க்கிறது. முன்பற்களோ, வெளிச்சுமை நீங்கியதும் நாக்கின் தள்ளலில் மெல்ல முன்னே வருகின்றன. நெருக்கம் தளர்கிறது. முன்பல்லைத் தொடாமலே அதை நகர்த்தும் இந்த உத்தி எனக்கு எப்போதும் வியப்புதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? இதழ் பழைய சொல். பகரமும் மகரமும் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது தொல்காப்பியம் இதழ் என்றே சொல்கிறது. ஆனால் இன்று இதழ் என்றால் பூவும் பத்திரிகையும் குறுக்கே வரும். உதடு போதும். 'உதட்டுத் தடுப்பான்' என்றால் பாதிப் பொருள்தான் வருகிறது, தடுத்த விசை எங்கே போகிறது என்பது விட்டுப்போகிறது. அணை என்ற சொல்லைப் பாருங்கள். ஆற்று நீரைத் தடுத்துக் கால்வாய்க்குத் திருப்புவதும் அணை, தலை சாய்த்துக்கொள்ளத் தலையணையில் இருப்பதும் அணை. இந்தக் கருவி இரண்டையும் செய்கிறது. வீடு 'வீட்டு' ஆவதுபோல உதடு 'உதட்டு' ஆகி, அணையோடு சேர்ந்தால் உதட்டணை. பிள்ளையே கேட்டாலும், "உன் உதடு சாய்ந்துகொள்ள ஓர் அணை" என்று சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ரோல்ஃப் ஃபிரெங்கல் வடிவமைத்த, கழற்றி மாட்டும் கருவியிலும் உதட்டை விலக்கிப் பிடிக்கும் சிறு திண்டுகள் உண்டு. அவை கடைவாய்ப் பல்லுக்கு விசையை அனுப்ப வைத்தவை அல்ல. அவற்றை உதட்டுத் திண்டு என்றே சொல்லலாம்.