“டிவில வந்துடுச்சு வக்கீலம்மா”: தவறான செய்திக்குப் பொறுப்பேற்பது யார்?

திருநெல்வேலிப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஓர் எண்ணெய் கேனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஐந்து லிட்டர் கேன், பாதி காலி. மேஜை மேல் வைத்துவிட்டு, “பாதி சமைச்சிட்டு மீதியத் திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டாவ வக்கீலம்மா. இதே மாதிரி கடையில பதினேழு கேன் நிக்கு” என்றார். எல்லோருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்திருந்தார்.

நடந்தது இதுதான். அவர் கடைக்கு நாலு கடை தள்ளி ஓர் எண்ணெய்க் கிடங்கில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை செய்து சீல் வைத்தார்கள். அந்தச் செய்தி உண்மை. படம் எடுக்க வந்த நிருபர் தெருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். ஒளிபரப்பில் ‘கலப்பட எண்ணெய்’ என்று கீழே எழுத்து ஓடிய நேரம், திரையில் நின்றது அண்ணாச்சியின் பெயர்ப் பலகை. எட்டு விநாடி. அவர் கடைதான் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டு வீடியோ ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடியது.

கோபத்தில் அண்ணாச்சி சேனலுக்குப் போன் போட்டுத் திட்டியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து யூடியூபில் இருந்து வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். திருத்தம் இல்லை, வருத்தம் இல்லை. என்னிடம் வரும்போது அவர் கையில் ஆதாரமும் இல்லை. நல்லவேளையாக அவருடைய அக்கா மகன் அந்த ஸ்டேட்டஸைப் போனில் இறக்கி வைத்திருந்தான்.

எட்டு விநாடிக்கு வழக்கா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2008 செப்டம்பரில் காசியாபாத் நீதிமன்ற வருங்கால வைப்பு நிதி மோசடி பற்றிய செய்தியில், டைம்ஸ் நவ் சேனல் ஒரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டியது. பெயர்கள் கேட்பதற்குக் கொஞ்சம் ஒத்துப்போகும், அதனால் வந்த குழப்பம். படம் திரையில் நின்றது சுமார் 15 விநாடி. சாவந்த் முன்பு இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் தலைவராகவே இருந்தவர். அவர் வழக்குப் போட்டார். 2011-இல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டை விசாரிக்க 20 கோடியைக் கட்ட வேண்டும், 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தொகை ரொம்ப அதிகம் என்று அப்போது பலர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் செக்கு அண்ணாச்சிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எந்த நீதிமன்றத்திலும் சுலபமாகக் கிடைத்துவிடாது.

அப்புறம் நம்பி நாராயணன். நாகர்கோவிலில் பிறந்தவர், இஸ்ரோவில் கிரையோஜெனிக் என்ஜின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் என்ஜின்) திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண் ஒருவர் கைதானதில் தொடங்கி, கேரளப் பத்திரிகைகளில் பல வாரங்கள் ‘உளவுக் கதை’ தொடராகவே ஓடியது. நவம்பர் 30 அன்று நம்பி கைதானார், 50 நாள் சிறையில் இருந்தார். ராக்கெட் ரகசியத்தை விற்றுவிட்டார் என்று எழுதினார்கள். அந்த என்ஜின் தொழில்நுட்பத்தைத் தரவிருந்த ரஷ்யா அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்க நெருக்கடியால் பின்வாங்கியிருந்தது. நம்மிடமே இல்லாத ஒன்றை எப்படி விற்க முடியும்? விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் விளங்கியிருக்கும். 1996-இல் சிபிஐ, உளவு எதுவும் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று, அவரைக் கைது செய்ததே தேவையற்றது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், கேரள அரசு 50 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. தவறு செய்த அதிகாரிகள் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று பார்க்க ஒரு குழுவையும் போட்டது. பணம் அரசு கஜானாவில் இருந்து போனது, விசாரணை காவல்துறை மேல் நடந்தது. காவல்துறையில் இருந்து கசிந்ததையெல்லாம் சரிபார்க்காமல் தினமும் தலைப்பாக்கிய செய்தி அறைகள் அந்த உத்தரவுக்குள் வரவே இல்லை.

அதே 1994 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் இன்னொரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சிறைத்துறை தடுக்கப் பார்த்த வழக்கு அது. வெளிவரும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடையாது, பாதிக்கப்பட்டவர் வெளிவந்த பிறகு சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அரசு அதிகாரியின் பணி பற்றிய செய்தியாக இருந்தால், அது பொய் என்பதோடு, உண்மையா என்று துளியும் கவலைப்படாமல் எழுதினார்கள் என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த ‘வெளிவந்த பிறகு’ சாதாரண ஆளுக்கு வருவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம். கோபப்பட்டுப் போன் போடுவதற்கு முன் வீடியோவை இறக்கி வையுங்கள். தேதி, நேரம், இணைப்பு முகவரி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அது இருக்கும் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரம் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு அந்தப் போன் தேவைப்படும். பத்திரிகை என்றால் முழுப் பத்திரிகையையும் எடுத்து வையுங்கள். செய்தியை மட்டும் கத்தரித்துக் கொண்டுவருகிறார்கள். ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் அதே பத்திரிகையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நோட்டீஸ் போவது அந்தப் பெயர்களுக்குத்தான்.

அடுத்து, ஆசிரியருக்கு எழுத்தில் புகார். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம், ஆனால் ஆசிரியருக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் கவுன்சில் விசாரிக்காது, அதனால் எது முதலில் என்று யோசித்துச் செய்யுங்கள். 1978-ஆம் வருஷச் சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். அபராதம் போட முடியாது. டிவிக்கு வேறு வழி. 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி சேனல் 24 மணி நேரத்தில் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இல்லை என்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்கு (சேனல்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு) மேல்முறையீடு செய்யலாம். அந்த அமைப்புகள் போடும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் பெரிய சேனல்களுக்கு உறைக்காது என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் சொன்னது.

அவதூறுக்கு எஃப்ஐஆர் போடுங்கள் என்று ஸ்டேஷனுக்குப் போய் அலைகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-ஆம் பிரிவில் வரும் அவதூறுக்கு, போலீஸ் வழியாக இல்லாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான் கொடுக்க வேண்டும். இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கென்றால் செய்தி வெளிவந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு வருஷத்தைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறாது.

இதே சட்டத்தை எடுத்துக்கொண்டு நிருபர்களை மிரட்ட வருகிறவர்களும் உண்டு. ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர், தார் பெயர்ந்ததை எழுதிய உள்ளூர் நிருபருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். செய்தியை வாசித்தேன், அந்த ரோட்டில்தான் நானும் தினமும் போகிறேன். முடியாது என்று அனுப்பிவிட்டேன். பொய் சொன்னதற்குப் பொறுப்பு கேட்பதும் உண்மை சொன்னவர் வாயை அடைப்பதும் ஒரே மாதிரி நோட்டீஸில்தான் தொடங்குகின்றன. வக்கீல்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

அண்ணாச்சி விஷயத்தில், நோட்டீஸ் போனதும் சேனலில் இருந்து முதலில் வந்த பதில், “அந்த நிருபரை நிறுத்திவிட்டோம்” என்பதுதான். அந்தப் பையன் ஒரு செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவன். தெருவைப் படம் பிடித்தது அவன். எந்தக் காட்சிக்கு மேல் எந்த எழுத்து ஓட வேண்டும் என்று முடிவு செய்தது சென்னையில் செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்கில் இருப்பவர்கள். அந்தப் பையனை வெளியே தள்ளிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வதற்கு நான் சம்மதிக்கவில்லை. அண்ணாச்சியும் “அவன் பொழப்ப ஏன் கெடுக்கீய?” என்றுதான் கேட்டார்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். தவறான செய்தி எந்த நேரத்தில் வந்ததோ அதே நேரத்தில், அதே பெயர்ப் பலகையைக் காட்டி, இந்தக் கடைக்கும் கலப்பட வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டும். பலகையைக் காட்டினால் மறுபடி அவருக்குத்தானே சங்கடம் என்று அவர்கள் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. பலகையைப் பார்த்துத்தான் ஜனங்கள் கேனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் மாலைச் செய்தியில் திருத்தம் வந்தது. இழப்பீடு கேட்டு வழக்கை இழுக்க வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார்.

அவருடைய எண்ணெய்க்கு வந்த ஆய்வக அறிக்கையை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். அது யாருக்கும் புரியாத ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் போன் செய்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.