கடலூர் சாலையும் காரின் ஸ்பிரிங்கும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தன் டர்போ ஹேட்ச்பேக் காரில் நாள்தோறும் சென்று வரும் என் அண்ணன் மகன், காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங்குகளை வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டான். "வளைவுல வண்டி ரொம்ப சாயுது, சித்தப்பா" என்பது அவன் குறை. 70,000 கிலோமீட்டர் ஓடிய அந்தக் காரில் ஷாக் அப்சார்பர்கள் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று நான் சொன்னதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கார் சாய்வது வேறு, டயர் பிடிப்பை இழப்பது வேறு. பிடிப்பைப் பெரிதும் பாதிப்பது, வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்குச் சுமை இடம் மாறுவதுதான். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தோடு வளைவதாகக் கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருந்து, இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 145 செ.மீ. என்றால், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 364 கிலோ சுமை இடம் மாறும். சாய்வினால் மையம் சற்று நகர்வதை ஒதுக்கிவிட்டால், இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு இடமே இல்லை. காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால் இடம் மாறும் சுமை 341 கிலோவாகக் குறையும். அதாவது இவ்வளவு செலவுக்கும் சிரமத்துக்கும் கிடைக்கும் ஆதாயம் 23 கிலோதான். மேலும், முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புள்ள (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும்) கார்களைத் தாழ்த்தும்போது, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்ம்களின் சாய்கோணம் மாறி, உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுவதால், புதிய ஸ்பிரிங்கின் விறைப்பில் ஒரு பங்கு அதை ஈடுகட்டுவதற்கே செலவாகிறது.

ஸ்பிரிங்கின் தன்மையை அதிர்வெண்ணால் அளப்பது எளிது. ஒரு முன்சக்கரம் 300 கிலோவைத் தாங்குகிறது என்றும், ஒவ்வொரு 20 நியூட்டன் விசைக்கும் அதன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த மூலை நொடிக்கு 1.3 முறை மேலும் கீழும் ஆட முனையும். சாதாரணப் பயணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரையில் அமைவதுண்டு. அதே மூலையை 1.8 ஹெர்ட்ஸுக்கு உயர்த்த மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 38 நியூட்டன் தேவை; அதாவது விறைப்பு இரு மடங்கை நெருங்குகிறது. பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் செய்தால், ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் தணிப்பு விகிதம் 0.3 இலிருந்து 0.22 அளவுக்கு இறங்கிவிடும். கார் விறைப்பாகவும் இருக்கும், ஆட்டமும் அடங்காது.

என்னைப் பொறுத்தவரை சஸ்பென்ஷனின் உயிர் ஷாக் அப்சார்பரில்தான் இருக்கிறது. ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது; ஷாக் அப்சார்பரோ, எண்ணெயை நுண்துளைகளின் வழியே பிதுக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகிறது. பிஸ்டனின் துளைகளை மெல்லிய எஃகு வட்டத்தகடுகள் மூடியிருக்கின்றன. வளைவில் உடல் சாயும்போதும் பிரேக்கில் முன்புறம் அமுங்கும்போதும் பிஸ்டன் மெதுவாக, நொடிக்குச் சில சென்டிமீட்டர்களே நகர்கிறது. குழியில் சக்கரம் விழும்போது அந்த வேகம் நொடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டக்கூடும். நல்ல ஷாக் அப்சார்பரில், மெதுவான அசைவுக்குத் தகடுகள் இறுக்கமாக நின்று எதிர்க்கின்றன. திடீர் அடிக்கு அவை வளைந்து, எண்ணெய்க்கு வழிவிடுகின்றன. ஆகவே, கம்பெனி ஸ்பிரிங்கை மாற்றாமலேயே, வளைவில் கட்டுப்பாட்டையும் குழியில் மென்மையையும் ஒருசேரப் பெற முடியும். எவ்வளவு விலை கொடுத்தாலும் ஸ்பிரிங்கால் மட்டும் இதைத் தர இயலாது, ஏனெனில் அசைவின் வேகத்தை அது அறியாது.

பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் 1950களில் உருவாக்கிய ஒற்றைக் குழல் வகையில், உயரழுத்த நைட்ரஜன் வாயு ஒரு மிதவைப் பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. இதனால் தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைப்பது தவிர்க்கப்படுகிறது. வெப்பமும் நேரடியாக வெளிக்காற்றுக்குச் செல்கிறது. ஆனால் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சிலிண்டராக இருப்பதால், கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அன்றாடப் பயன்பாட்டுக்கு பிஸ்டன் ஓடும் குழலைச் சுற்றி இன்னொரு குழல் உள்ள, வாயு நிரப்பிய தரமான இரட்டைக் குழல் வகையே போதும் என்பது என் கருத்து.

தாழ்த்துவதில் உள்ள இடர் நம் சாலையில் உடனே தெரியும். வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் பரிந்துரை. முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என ஊர் ஊராகச் செல்பவர் அதைவிடக் குறுகியவற்றையும் ஏறிக் கடக்க வேண்டியிருக்கும். சக்கரம் மேலேற 80 மில்லிமீட்டர் இடமுள்ள காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 45 தான். அதைத் தாண்டியதும், அசைவின் எல்லையில் முட்டுக்கட்டையாக இருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் நசுங்கி, விறைப்பு சட்டென்று பன்மடங்காகிறது. வளைவின் நடுவே இது நேர்ந்தால் அந்த டயர் பிடிப்பை இழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்து, உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர்களைப் பலர் விரும்புகிறார்கள். கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: உப்புக் காற்றும் ஈர மண்ணும் மரைகளில் படிந்து, ஓரிரு ஆண்டுகளில் வளையங்கள் திருக முடியாதபடி இறுகிவிடக்கூடும். வாங்கினால் அடிப்பகுதியை அடிக்கடி நன்னீரில் கழுவி, மரைகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு இடுவது கட்டாயம்.

சாய்வு இன்னும் உறுத்தினால், இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரை எண்ணலாம். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 22 மி.மீ. கம்பிக்குப் பதில் 24 மி.மீ. போட்டாலே 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். முன்சக்கர இயக்கக் காரில் பின்புறக் கம்பியைத் தடிப்பாக்கினால் முன்டயர்களின் சுமை சற்றே சமப்பட்டு, கார் விருப்பத்தோடு திரும்பும். அளவு மீறினால் ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கத் தொடங்கும்.

அண்ணன் மகனின் காருக்கு நான்கு புதிய ஷாக் அப்சார்பர்கள், அவற்றைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுன்ட்டுகள், கீழ் ஆர்ம்களின் இணைப்பில் உள்ள ரப்பர் புஷ்கள் ஆகியவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்தோம், ஸ்பிரிங் பழையதுதான். அப்போது நாங்கள் வற்புறுத்திய ஒன்றைப் பட்டறைகளில் பலர் கவனிப்பதில்லை. ஆர்ம் போல்ட்டுகளை, கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துவிடும். நான்கு சக்கரங்களும் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் அந்தக் கடைசிச் சுற்றைத் திருக வேண்டும்.