கணக்கில் பிழை: எல்லாமே கவனக்குறைவுதானா?

கணக்குப் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர், ‘கவனம் போதவில்லை’ என்ற முடிவோடுதான் வருகிறார்கள். விடைத்தாளைப் புரட்டினால், அதே பிள்ளை ஒரே வகையான பிழையைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பது தெரிகிறது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் அப்பிள்ளையின் அறிதல் பாணி, அதாவது தகவலை உள்வாங்கிச் சிந்திக்கும் விதம், இருக்கிறது.

செங்கோண முக்கோணத்தின் செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்துக்கோடு வரைந்தால், ஒன்றுக்கொன்று வடிவொத்த மூன்று முக்கோணங்கள் கிடைக்கும். தேற்றத்தைப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவிகூட, படத்தில் பெரிய முக்கோணத்தை மட்டுமே கண்டு, அந்தச் செங்குத்துக்கோடு இரு சிறிய முக்கோணங்களுக்கும் பொதுப் பக்கம் என்பதைத் தவறவிடுகிறாள். முழுமைக்குள் புதைந்த பகுதியைப் பிரித்தறியச் சிரமப்படும் இப்போக்கை உளவியலாளர் ஹெர்மன் விட்கின் ‘களச்சார்பு’ என வகைப்படுத்தினார். இது பாணியா, திறனா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே உண்டு. பாடம் நடத்துபவருக்கு அது இரண்டாம்பட்சம்தான். மூன்று முக்கோணங்களையும் தனித்தனியே, செங்கோணங்கள் ஒரே பக்கம் அமையுமாறு திருப்பி வரைந்து, உச்சிகளுக்குப் பெயரிடச் செய்தால், ஒத்த பக்கங்களின் விகிதத்தை அவளே எழுதிவிடுவாள்.

உளவியலாளர் ஜெரோம் கேகன் 1960களில் ஆராய்ந்தது வேறொரு வேறுபாட்டை: முதலில் தோன்றும் விடையைச் சட்டென்று சொல்பவர்கள், நிதானித்துச் சொல்பவர்கள். பேனாவும் பென்சிலும் சேர்ந்து 11 ரூபாய், பேனாவின் விலை பென்சிலைவிட 10 ரூபாய் அதிகம் என்றால், அவசரக்காரர் பென்சில் 1 ரூபாய் என்பார். விடையை வினாவில் பொருத்திப் பார்த்தால் வித்தியாசம் 9 ரூபாய்தான் வரும். சரியான விலை 50 காசு. நிதானப் போக்குள்ள பிள்ளைக்கோ, தேர்வறையில் தெரிந்த கணக்கையும் நேரமின்றி விட்டுவருவதே சிக்கல். அதற்கு நேரம் குறித்துச் செய்யும் பயிற்சி வேண்டும்.

‘படம் வரைந்தால் புரியும்’ என்பதும் முழு உண்மையல்ல. 15 மீட்டர் பாதையில் இருமுனைகள் உட்பட 5 மீட்டருக்கொரு மரம் நடும் கணக்கில், இலையும் கிளையுமாக மரம் வரையும் பிள்ளையைவிட, ஒரு கோட்டில் நான்கு புள்ளிகள் வைப்பவர் எளிதில் விடை காண்கிறார். உறவுகளைக் காட்டும் வரைபடமே கணக்குக்கு உதவுகிறது என்பதை உளவியலாளர்கள் ஹெகார்ட்டி, கோஷெவ்னிகோவ் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது.

‘இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்’ என்று முத்திரை குத்துவதை நான் ஏற்பதில்லை. அத்தகைய வகைப்பாட்டுக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008இல் வெளியான உளவியலாளர் பாஷ்லர் குழுவினரின் மீளாய்வு கூறுகிறது. மேல்வகுப்புக்கு வந்த பின்னும் எளிய கூட்டலுக்கே விரல்விட்டு எண்ணும் பிள்ளையின் சிக்கலை அறிதல் பாணி என்று ஒதுக்கிவிடாமல், கணிதக் கற்றல் குறைபாடு உள்ளதா என உரிய நிபுணரிடம் பரிசோதிக்க வேண்டும்.