நம் தெருவுக்கு ஒரு பால்வாடி வேண்டும் என்று கேட்கலாமா?

கடலூரில் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கமெல்லாம் விடிவதற்கு முன்பே பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கைக்குழந்தை பாட்டியிடம் இருக்கும், மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட தெருக்களுக்காகத்தான் அங்கன்வாடி. நாம் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறோம். அங்கே பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது சட்டப்படி நமக்குச் சேரவேண்டியது, இல்லையென்றால் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அங்கன்வாடியில் கிடைக்கும் உணவை உரிமையாக்கியது. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிரசவம் முடிந்து 6 மாதம் வரையுள்ள தாய்மார்கள், இவர்கள் எல்லோருக்கும் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறீர்களா என்று பார்த்துச் சேர்க்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது. ஆகவே வருமானச் சான்றுக்காக அலைய வேண்டாம். பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லையா? அதைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் அரசு உதவியை மறுக்கக் கூடாது என்பது 2018 ஆதார் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு பாக்கெட் கொடுப்பார்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மதியம் சூடான சாப்பாடு, வாரத்துக்கு 3 முட்டை. ஆண்டுக்கு 300 நாள் உணவு தரவேண்டும் என்பது விதி. சத்துமாவை வாங்கிவந்து வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. வயிறு நிறைய வேண்டியவர்கள் வீட்டில் பலர் இருக்கும்போது அது குற்றமில்லை. ஆனாலும் கர்ப்பிணியின் பங்கையும் குழந்தையின் பங்கையும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைவிட நாம் கவனிக்காமல் விடுவது எடை பார்ப்பதை. மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் கோடு போட்டுக் காட்டவேண்டும். அந்தக் கோடு ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் புஜத்தின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். "ஒல்லி உடம்பு, அவங்க அப்பா மாதிரி" என்று விட்டுவிடாதீர்கள். சட்டத்தின்படி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிக உணவு உண்டு: மற்ற பிள்ளைகளுக்கு 500 கலோரி என்றால் இவர்களுக்கு 800.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெயர் மாமியார் ஊரில், ஆள் இங்கே. "அங்கே போய் வாங்கிக்கொள்" என்று யாராவது சொன்னால், சட்டம் சொல்வது உள்ளூர் அங்கன்வாடி மூலம் என்றுதான், இப்போது நான் இருப்பது இந்த ஊர் என்று சொல்லிப் பெயரை மாற்றித் தரக் கேட்கலாம். அப்புறம், கர்ப்பம் என்று தெரிந்ததும் செவிலியரிடம் பதிவு செய்துவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அதுதான் முதல் படி. 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய். ஆனால் இது எல்லோருக்கும் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

சரி, தெருவில் பால்வாடியே இல்லை என்றால்? கெடிலம் கரையோரத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லாவிட்டால், மக்கள் கேட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும். கிராம மக்களும் குடிசைப்பகுதி மக்களும் இப்படிக் கேட்கலாம் என்று அந்த உத்தரவே சொல்கிறது.

ஆக, முதல் வேலை எண்ணுவது. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து வீடு வீடாகப் போனால் ஒரே மாலையில் முடிந்துவிடும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், தாயின் கையெழுத்து அல்லது கைரேகை, இவ்வளவு போதும். கர்ப்பிணிகளைத் தனியாக எழுதுங்கள். இப்போதிருக்கும் மையம் எவ்வளவு தூரம், வழியில் ரயில் பாதையோ வாய்க்காலோ நெடுஞ்சாலையோ குறுக்கே வருகிறதா என்பதையும் மனுவில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று அதிகாரிகளுக்கும் தெரியும். அந்த உத்தரவின் தேதியைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

மனுவைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் கொடுப்பது நல்லது. எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், 3 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். பதில் வரவில்லையென்றால் மனு என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். போன் செய்து கேட்க 15100.