காற்றின் மேல் நிற்கும் இரண்டரை டன்

255/60 ஆர்18, 255/55 ஆர்19, 255/50 ஆர்20. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, அதற்கு அடுத்து வந்த டிஸ்கவரி 4 ஆகிய வண்டிகளில் கம்பெனியே போட்டு அனுப்பிய டயர் அளவுகள் இவை. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் ஒரே வரியில் கலந்து எழுதலாம் என்று நினைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். 18 அங்குலம் என்றால் 457 மி.மீ.; மேலும் கீழும் 153 மி.மீ. ரப்பர், மொத்தம் 763. 19 அங்குலத்துக்கு 483, அதோடு இரண்டு 140, அதுவும் 763. 20 அங்குலத்துக்கு 508, இரண்டு 127.5, மறுபடியும் 763. எந்த ரிம்மைப் போட்டாலும் தரையில் உருளும் வட்டம் ஒன்றுதான். பெரிய ரிம் போட்டவர் வண்டியை உயர்த்தவில்லை. ரப்பருக்குள் இருந்த காற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்திருக்கிறார்.

இந்த வண்டியில் எடையைத் தாங்குவது காற்று. அதுவும் இரண்டு அடுக்காக: கீழே டயருக்குள், அதற்கு மேலே ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள காற்றுப்பைக்குள். செகண்ட் ஹேண்டில் இதை வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு காற்றோடும் சம்பந்தப்பட்டதுதான்.

முதலில் டயர். வண்டி ஏறத்தாழ இரண்டரை டன். ஒரு சக்கரத்தின் மேல் 625 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 36 பிஎஸ்ஐ காற்று இருந்தால், ஒரு சதுர செ.மீ.க்கு இரண்டரை கிலோ தாங்கும். 625-ஐ 2.5-ஆல் வகுத்தால் 250. அதாவது ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு 250 சதுர செ.மீ., பள்ளிக்கூட நோட்டு அட்டையில் பாதி. பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு அச்சு அசலாக வராது, ஆனால் பக்கத்தில் வரும். மணலில் இறங்கும்போது காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் அந்தப் பரப்பு இரண்டு மடங்கை நெருங்கும். டயர் பக்கவாட்டில் அவ்வளவாக விரியாது. டிராக்டர் பட்டை போல நீளவாக்கில் படுக்கும். மணல் தாங்குவது அதனால்தான்.

ஆனால் டயர் அப்படிப் படுக்க வேண்டுமானால் பக்கச்சுவர் மடங்க இடம் வேண்டும். 153 மி.மீ. சுவருக்கு அந்த இடம் இருக்கிறது. 127 மி.மீ. சுவரில் காற்றைக் குறைத்தால் ரிம்மின் விளிம்பு கல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். குழியில் விழும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, வெளியே நெல்லிக்காய் போல ஒரு புடைப்பு வரும். அந்த டயரைப் பஞ்சர் ஒட்டிக் காப்பாற்ற முடியாது. காட்டுக்கும் மணலுக்கும் போகிறவர்கள் 20-ஐக் கழற்றிவிட்டு 18-ஐத் தேடி அலைவதற்குக் காரணம் இதுதான். (காற்றைக் குறைத்தவர்கள் தார் ரோட்டில் ஏறியதும் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். தொய்ந்த சுவர் வேகத்தில் மடங்கி மடங்கியே சூடாகி வெடித்துவிடும்.)

சரி, 18-ஐ எல்லாருக்கும் போட்டுவிடலாமா? 3 லிட்டர் டீசல் என்ஜின் வைத்த டிஸ்கவரி 4-க்கு முடியாது. அதன் முன் பிரேக் தட்டு 360 மி.மீ. விட்டம். தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அதற்கும் வெளியே நிற்கும். கம்பெனியின் 18 அங்குல ரிம்மின் உட்குழியில் அது அடங்காது. 2.7 லிட்டர் டிஸ்கவரி 3-ல் தட்டு 317 மி.மீ.தான், தாராளமாக அடங்கும்.

அப்புறம் ரிம்மின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்கள். கடையில் ரிம்மின் முகத்தைத்தான் காட்டுவார்கள். நாம் முதுகைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிக்கு 120 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து துளைகள், நடு ஓட்டை 72.6 மி.மீ., ஈடி 53 (அது என்ன என்பதை அடுத்துச் சொல்கிறேன்). பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இன் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் அதே 120 மி.மீ. வட்டத்தில் அதே ஐந்து துளைகள்தான். அதனால் அந்த ரிம்கள் இதில் ஏறும். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. இரண்டாம் தலைமுறை எக்ஸ்5 ரிம்மின் நடு ஓட்டை 74.1 மி.மீ. ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுமுனையை, சுற்றி முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விழும். சக்கரத்தை நடுவில் நிறுத்த ஹப் உதவாது, நட்டுகள் மட்டுமே நிறுத்த வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் மெஷினில் சக்கரம் சரியாகவே இருக்கும், வண்டியில் ஏற்றினால் ஆடும். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் கிடைக்கிறது, மலிவானதுதான்.

ஈடி என்பது ரிம் ஹப்போடு ஒட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும். 53 இருக்க வேண்டிய இடத்தில் 35 போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 18 மி.மீ. வெளியே போகும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், படம் எடுத்தால் நன்றாக வரும். ஆனால் எடை இறங்கும் கோடு பேரிங்கை விட்டு விலகுகிறது. கையில் குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரமும் மாறுவதால், ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். தேய்வது சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ்க் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள்.

நட்டு பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரம் போல்ட்டின் மேல் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தாங்குவது உராய்வு. 140 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய ஒரு நட்டு, ஸ்டட்டை (நட்டு ஏறும் கம்பியை) ரப்பர் பேண்ட் போல இம்மியளவு இழுத்து, ஏறத்தாழ 4 டன் எடைக்குச் சமமான விசையோடு ரிம்மை ஹப்பில் அழுத்துகிறது. ரிம் நகராமல் இருப்பது அந்த அழுத்தத்தால். காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று அடித்து முறுக்கினால் இழுவை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். புது ரிம் என்றால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. கம்பெனி நட்டுகளின் தலையில் பளபளப்பான ஒரு மெல்லிய தொப்பி இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்து ஊதிவிட்டால் 22 மி.மீ. ஸ்பேனர் நுழையாது, அதுவும் நடுவழியில்தான் தெரியவரும். ஒரே வார்ப்பாக உள்ள நட்டுகளை மாற்றிக்கொள்வது நல்லது.

பழைய வண்டியில் நான்கு டயர்களும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூன்று பழசு, ஒன்று புதுசு என்றால், டயர் பூவின் (தரையைத் தொடும் வெட்டுகளின்) ஆழத்தில் 5 மி.மீ. வித்தியாசம் கிலோமீட்டருக்கு ஐந்தாறு சுற்றுகளாக மாறும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி இது. அந்த வித்தியாசத்தை, சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது காற்று. நம் ஊரில் ஏர் சஸ்பென்ஷன் வைத்த ஆம்னி பஸ்ஸை ‘ஏர் பஸ்’ என்றே சொல்வார்கள். அதே ஏற்பாடுதான் இங்கும். இரும்பு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஆள் ஏறினால் வண்டி தாழும், ஆட்டமும் மந்தமாகும். காற்றுப்பையில் எடை ஏறினால் கம்ப்யூட்டர் இன்னும் காற்றை ஏற்றி அதே உயரத்தில் நிறுத்துகிறது. அழுத்தம் கூடும்போது காற்றின் விறைப்பும் கூடவே ஏறுகிறது. அதனால் ஒருவர் உட்கார்ந்தாலும் ஏழு பேர் உட்கார்ந்தாலும் வண்டி ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆடும். கரடுமுரடான பாதையில் 55 மி.மீ. உயரும், பாட்டி ஏறி இறங்க 50 மி.மீ. தாழும்.

இதற்குக் காற்று கொடுப்பது வண்டிக்கு அடியில் உள்ள ஒரு சிறிய கம்ப்ரசர். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், காற்றை நெருக்கினால் சூடாகும். காற்றோடு அதிலுள்ள ஈரமும் நெருங்கித் தண்ணீராகும். அதனால் கம்ப்ரசரை ஒட்டியே ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஒரு குப்பி இருக்கிறது. போகும் காற்று மணிகளில் ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். வண்டி தாழும்போது உலர்ந்த காற்று அதே வழியாகத் திரும்பி வந்து, மணிகளின் ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை மணிகள் தங்களைத் தாங்களே காயவைத்துக்கொள்ளும். எனக்கு இந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இப்போது ஒரு மூலையில் ஊசிமுனை அளவு கசிவு என்று வையுங்கள். அந்தக் காற்று மணிகள் வழியாகத் திரும்புவதில்லை. ஓட்டை வழியே போய்விடுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கம்ப்ரசர் புது ஈரக்காற்றை இழுக்கிறது. மணிகளுக்கு ஈரம் வந்துகொண்டே இருக்கிறது, காய வழியில்லை. நாளடைவில் ஊறி, நொறுங்கி, பொடியாகின்றன. பொடி வால்வுகளுக்குள் போய் உட்கார, வால்வு முழுதாக மூடாமல் அங்கேயும் கசிகிறது. கம்ப்ரசர் இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. கடைசியில் அதை இயக்கும் ரிலே என்ற மின்சுவிட்சின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் நிறுத்த ஆளில்லாமல் ஓடி எரிந்துபோகும். பிறகு வண்டி நான்கு மூலையிலும் சப்பென்று உட்கார்ந்துவிடும். இதைக் கம்ப்ரசர் கோளாறு என்று சொல்லி, கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். கசிவு, மணிகள், ரிலே மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய டயர் ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். 265/60 ஆர்18 போட்டால் விட்டம் 775 மி.மீ.; ஓட்டிப் பார்க்கும்போது எங்கும் உரசாது. ஆனால் காற்று இறங்கிவிட்டால் வண்டி ரப்பர் தடுப்பின் மேல் உட்காரும். அந்த நிலையில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோதும் டயர் உரசாவிட்டால்தான் அது பொருந்தும் டயர். காற்றின் மேல் நிற்கும் வண்டி என்பதாலேயே, ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலை நுழைக்கவும் கூடாது.

மற்ற பராமரிப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். டீசல் என்ஜினுக்கு முன்னால் டைமிங் பெல்ட், பின்னால் டீசல் பம்புக்கு ஒரு பெல்ட். இரண்டும் ஓடாமல் நின்றாலும் வயதாகும், எனவே கிலோமீட்டரோடு ஆண்டையும் எண்ணுங்கள். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் உள்ள எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

வாங்கப் போகும் வண்டியில் ஒரு சோதனை. மாலையில் நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் யாரும் சாவியைத் தொடுவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். இந்த வண்டி இரவில் அவ்வப்போது விழித்து, எந்த மூலை தாழ்ந்ததோ அதன் மட்டத்துக்கு மற்ற மூன்றையும் தானே இறக்கும். அதனால் இரண்டாம் இரவு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். காலையில் எந்த மூலை மட்டும் உட்கார்ந்திருக்கிறதோ, சோப்புத் தண்ணீரை அங்கே கொண்டு போங்கள்.